கிரானைட் கம்பெனியில் மூன்று விரல் போன தம்பிக்கு என்ன கிடைக்கும்? யாரிடம் போக வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும்.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனி. கேட்டவரின் தம்பிக்கு வயது 30. காண்டிராக்டர் மூலம் சேர்ந்து கட்டிங் மிஷினில் வேலை பார்த்தார். மாதம் 18,000 ரூபாய்; பாதி பேங்கில் வரும், பாதி கையில் வரும். 2025 ஜூனில் வலது கையின் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் மிஷினில் போய்விட்டன. கம்பெனி ஆட்களே தனியார் மருத்துவமனையில் சேர்த்து பில் கட்டினார்கள். இப்போது ஒரு லட்சம் தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். மறுத்தால், "நீ எங்க ஆளே இல்லை, காண்டிராக்டரைக் கேள்" என்கிறது கம்பெனி. காண்டிராக்டர் போனை எடுப்பதில்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். முதல் பதில் இதுதான்.

ஏற்கெனவே போட்டிருந்தாலும் குடி முழுகிவிடவில்லை. இந்த விபத்துக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. இருதரப்பும் பேசி ஒரு தொகைக்கு முடித்தால் அதை இழப்பீட்டு ஆணையரிடம் (இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) பதிவு செய்ய வேண்டும் என்பது 28ஆம் பிரிவு. தொகை போதாது என்று அவருக்குத் தோன்றினால் பதிவு செய்ய மறுக்கலாம். 29ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தைப் பதிவுக்கு அனுப்பாமல் விட்ட முதலாளி முழு இழப்பீட்டையும் கொடுத்தாக வேண்டும். ஆணையர் வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. ஆக, இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குவது முதலாளிக்கே பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனாலும் ஏன் வாங்குகிறார்கள்? கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் அப்புறம் எங்கும் போவதில்லை. அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்தப் பேப்பரே ஓடுகிறது.

மருத்துவமனை பில்லைக் கம்பெனி கட்டியதை ஒரு பெரிய உபகாரம் போலச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சைச் செலவை முதலாளி தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை, 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சிகிச்சைக்காகக் கொடுத்த பணத்தை இழப்பீட்டுக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இனி வரும் பிசியோதெரபி, மருந்துச் செலவுக்கும் பில்களைச் சேர்த்து வையுங்கள்.

"கையை உள்ளே விட்டது அவன் தப்பு" என்ற பேச்சைப் பற்றி. இந்தச் சட்டத்தில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின் போது, வேலை காரணமாக அடிபட்டது என்றால் போதும். கவனக்குறைவு ஒரு எதிர்வாதமே அல்ல. குடித்திருந்தார், பாதுகாப்புக்காகச் சொன்னதை வேண்டுமென்றே மீறினார், மிஷினின் காவல் மூடியைத் தெரிந்தே கழற்றினார் என்று காட்டினால்தான் முதலாளி தப்பிக்கலாம். அதையும் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதங்களுக்கும் இடமில்லை.

அப்படியானால் சண்டை எதில் நடக்கிறது? இரண்டே விஷயத்தில். இவர் இங்கேதான் வேலை செய்தாரா, என்ன சம்பளம் வாங்கினார். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வழக்குகளில் தோற்பதும், ஜெயித்தும் சொற்பத் தொகை வாங்குவதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான். நல்ல வக்கீல் கிடைத்தாலும் இந்த இரண்டுக்கும் ஆதாரத்தை அவரால் உருவாக்க முடியாது. நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா?

மின்சாரத்தில் மிஷின் ஓடும் தொழிற்சாலையில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். தம்பிக்கு 18,000 என்பதால் சம்பளத்தைப் பொறுத்தவரை அவர் உள்ளேதான். அந்த வரம்புக்குள் வருபவர் முதலாளி மேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. இதைக் கவனிக்காமல் இழப்பீட்டு மனு போட்டு, இரண்டு வருஷம் கழித்து "இவர் ஈ.எஸ்.ஐ. தொழிலாளி" என்று எதிர்த்தரப்பு ஒரு காகிதத்தை நீட்ட, மனு தள்ளுபடியாவது உண்டு.

"எங்க கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. கிடையாது" என்று மேனேஜர் வாயால் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பணம் கட்டவில்லை என்பதும் சட்டம் பொருந்தாது என்பதும் வேறு வேறு. சந்தா கட்டப்பட வேண்டிய வேலையில் ஒருவர் இருந்தாலே அவர் காப்பீடு பெற்றவர்தான். விபத்துக்கு அப்புறம்தான் பதிவு நடந்தது என்றாலும் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொல்லிவிட்டது. முதலாளி கட்டத் தவறியதை ஈ.எஸ்.ஐ. கழகம் அவரிடம் வசூலித்துக்கொள்ளும். அது அவர்களுக்குள் உள்ள விவகாரம். காண்டிராக்டர் ஆள் என்றாலும் சந்தாவுக்குப் பிரதான முதலாளிதான் பொறுப்பு. அதனால், கம்பெனியின் பெயர், முகவரியைக் குறிப்பிட்டு, இந்த நிறுவனம் உங்களிடம் பதிவாகியிருக்கிறதா, என் பெயர் இருக்கிறதா என்று தம்பி பெயரில் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 18,000க்கு அது 135 ரூபாய்.

ஈ.எஸ்.ஐ. என்றதும் நம் ஊரில் பலருக்கு முகம் சுருங்கும். மொத்தமாகக் கையில் பணம் வராதே என்ற வருத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிகிச்சையில் இருந்து வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதன்பின் மருத்துவக் குழு சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால், அந்த 90 சதவீதத்தில் 30 சதவீதம் ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். 18,000 சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 4,860 ரூபாய், வருஷத்துக்கு 58,000க்கு மேல். கீழே நான் சொல்லப்போகும் மொத்தத் தொகையைப் பத்து வருஷத்துக்குள் இது எட்டிவிடும். தம்பிக்கு 30 வயது. எனக்குக் கேட்டால், முப்பது வயதுக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. பென்ஷன் மோசமான ஏற்பாடு இல்லை. குழு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம்.

சரி, ஆட்கள் ஏழெட்டுப் பேர்தான், ஈ.எஸ்.ஐ. பொருந்தாது என்று தெளிவானால் இழப்பீட்டுச் சட்டம். தொகையை ஆணையர் தன் மனசுப்படி போடுவதில்லை, சூத்திரம் இருக்கிறது. நிரந்தர முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். மரணம் என்றால் 50 சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். 2020 ஜனவரியில் 8,000இல் இருந்து உயர்த்தினார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. பகுதி ஊனத்துக்கு இதில் எத்தனை சதவீதம் என்பதைச் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதம், நான்கு விரல் போனால் 50, கட்டை விரல் மட்டும் போனால் 30, கையே போனால் 60. தம்பியின் கணக்கு 5,61,546 ரூபாய். அவர்கள் நீட்டுவது ஒரு லட்சம்.

இதே கணக்கில் பேங்கில் வந்த 9,000 மட்டும்தான் சம்பளம் என்று எதிர்த்தரப்பு நிலைநாட்டிவிட்டால் தொகை 3,36,928 ஆகிவிடும். கையில் வாங்கிய பாதிச் சம்பளத்துக்குச் சாட்சி தேடச் சொல்வது இதனால்தான்.

30 சதவீதத்தோடு நிற்க வேண்டுமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்றில், ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. அட்டவணைப்படி அது பகுதி ஊனம். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீதம் என்று தீர்ப்பானது. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பதோடு நின்றுவிடாமல், அவர் செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். வலது கையில் மூன்று விரல் இல்லாமல் கட்டிங் மிஷினில் கல்லைப் பிடித்து நகர்த்த முடியுமா என்று வக்கீல் டாக்டரைக் கேட்க வேண்டும். தம்பியின் விஷயத்தில் 100 கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அட்டவணையில் உள்ள காயத்துக்கு அதை மீறித் தர ஆணையர்கள் தயங்குவார்கள். கேட்காமல் விடுவது மட்டும் தவறு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் போடும் சதவீதமும் இந்தச் சதவீதமும் ஒன்றல்ல. அட்டையில் இருப்பது உடல் ஊனம். இங்கே கேட்பது சம்பாதிக்கும் திறன் இழப்பு. கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் சான்று வாங்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லி வாங்குங்கள். அவர் பின்னால் சாட்சி சொல்லவும் வர வேண்டியிருக்கும்.

இனி ஆதாரங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகல் கேளுங்கள், ஏ.ஆர். காப்பி என்றால் தெரியும். அதில் அடிபட்ட காரணமாக என்ன எழுதியிருக்கிறது என்று உடனே படியுங்கள். கம்பெனி ஆள் கூட்டிக்கொண்டு போன பல கேஸ்களில் "வீட்டில் கீழே விழுந்தார்" என்றோ "பைக்கில் இருந்து விழுந்தார்" என்றோ எழுதப்பட்டிருக்கும். சுயநினைவோடு இருந்த தம்பியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் இப்போதே போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாமதமான புகார் என்று குறை சொல்வார்கள், பரவாயில்லை. புகாரே இல்லாததற்கு அது மேல். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்களில் யார் பணம் கட்டியது என்ற விவரம் எல்லாம் வேண்டும். கம்பெனி கணக்கிலிருந்து மருத்துவமனைக்குப் பணம் போயிருந்தால் அதுவே நல்ல சாட்சி. "எங்க ஆளே இல்லை" என்பவர் எதற்குப் பில் கட்டினார்?

போனைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்றவும் வேண்டாம். சூப்பர்வைசர் "நாளைக்கு நைட் ஷிப்ட் வா" என்று அனுப்பிய வாட்ஸ்அப் குரல், ஜிபே வரவு, மிஷின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ, ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எடுத்த குரூப் போட்டோ எல்லாம் ஆதாரமாகும். கூட வேலை செய்தவர்கள் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலையை விட்டுப் போய்விட்ட பழைய ஆள் ஒருவர் சாட்சி சொன்னாலும் போதும். ஒடிசா, பீகார் பையன்கள் கூட இருந்திருந்தால் அவர்கள் ஊருக்குப் போகும் முன் பெயர், போன் நம்பர் வாங்கிவையுங்கள். சம்பளத்துக்கு ஒரு ஆதாரமும் இல்லாவிட்டால் அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அது கடைசித் துணை.

காண்டிராக்டர் பிரச்சினைக்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் நேரான பதில் இருக்கிறது. கம்பெனி தன் தொழிலின் ஒரு பகுதியைத் தன் இடத்தில் காண்டிராக்டரை வைத்துச் செய்தால், அந்த ஆட்களுக்குக் கம்பெனியே நேரடியாக இழப்பீடு தர வேண்டும். அப்புறம் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. கல் அறுப்பதுதான் கிரானைட் கம்பெனியின் தொழில். அதில் வாதாட ஒன்றுமில்லை. மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். கம்பெனி தொழிலாளர்களுக்காக இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். மாங்கூழ் தொழிற்சாலைகளில் சீசனுக்கு மட்டும் போகிறவர்களும் கேட்கிறார்கள், நாங்கள் நிரந்தரம் இல்லையே, எங்களுக்கு உண்டா என்று. உண்டு. தற்காலிக வேலைக்காரர்களை ஒதுக்கிய வரியை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கிவிட்டார்கள்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதைத்தான்.

காசு இல்லாமல் வக்கீல் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்ட நீதிமன்றத்தோடு சேர்ந்து இயங்குகிறது. ஓசூர், அரூர் போன்ற ஊர்களில் வட்ட அளவில் குழுக்கள் இருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் தொழிற்சாலைத் தொழிலாளி என்பது தனி வகை. அவருக்கு வருமான வரம்பு கேட்கக் கூடாது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. நீதிமன்ற வழக்குக்கு மட்டும் என்றில்லை, இழப்பீட்டு ஆணையர் முன் நடக்கும் விசாரணைக்கும் இந்த உதவி உண்டு. ஆதார், மருத்துவக் காகிதங்கள், நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதியது, இவற்றோடு போனால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மை, ஓரளவு பொய். ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருப்பவர்களும் தனியாகப் பிராக்டிஸ் செய்கிற வக்கீல்கள்தான். ஆனால் தொழிலாளர் இழப்பீடு, டபிள்யூ.சி. கேஸ் என்பார்களே, அது எல்லா வக்கீலுக்கும் பழக்கமானதல்ல. ஜாமீன் மனுவும் பாகப்பிரிவினையும் மட்டும் பார்ப்பவரிடம் போனால் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவைக் கோட்டை விடுவார். "சார், டபிள்யூ.சி. கேஸ் நடத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. இல்லை என்றால் வேறு வக்கீலைத் தரும்படி ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம்.

பலரும் யோசிக்காத வழி தொழிற்சங்கம். ஆணையர் முன்னால் வக்கீல்தான் வர வேண்டும் என்றில்லை. இழப்பீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியும் தொழிலாளிக்காக ஆஜராகலாம் என்கிறது. ஓசூரில் சிப்காட் வந்த நாளிலிருந்து சங்கங்கள் இருக்கின்றன. சில பழைய சங்கத் தோழர்களுக்கு அட்டவணைச் சதவீதம் எல்லாம் மனப்பாடம். சம்பளச் சாட்சியைத் தேடிப் பிடிப்பதில் வக்கீலை விட அவர்கள் கெட்டிக்காரர்கள். ஏனென்றால் கம்பெனிக்குள் அவர்களுக்கு ஆள் தெரியும்.

தனியார் வக்கீல் வைத்தால் இரண்டு எச்சரிக்கை. வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வக்கீல் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. இவ்வளவு ஃபீஸ் என்று முன்பே தொகையாகப் பேசுங்கள். அடுத்து, மருத்துவமனை வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டும் புரோக்கர்கள். இவர்கள் கேட்பது முப்பது சதவீதத்தில் ஆரம்பிக்கும். வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம். எழுதாத வெள்ளைத்தாளிலும் நிரப்பாத செக்கிலும் போடக் கூடாது. இழப்பீட்டுத் தொகையை வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுக்கவோ, கடனுக்காக ஜப்தி செய்யவோ முடியாது என்று 9ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆணையரிடம் டெபாசிட் ஆகும் பணம் தம்பியின் சொந்தக் கணக்குக்கே வர வேண்டும் என்று மனுப் போடுங்கள்.

இழப்பீட்டு ஆணையர் என்பவர் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் போன்ற ஓர் அதிகாரிதான், தனிக் கோர்ட் கிடையாது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் போய், உங்கள் தாலுகா எந்த இழப்பீட்டு ஆணையரின் எல்லை என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. தொழிலாளி அல்லது அவரை நம்பியிருந்தவர்கள் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் விழுந்தவர்களின் குடும்பங்கள் இதைத் தெரியாமல் பஸ் ஏறி அலைகின்றன. 2023 அக்டோபரில் கர்நாடகாவின் அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீவிபத்தில் இறந்தவர்களில் தருமபுரி மாவட்டத்துப் பையன்கள் இருந்தார்கள். அதுபோல எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த விபத்துக்கும் இந்தப் பக்கம் மனு போடச் சட்டம் வழி விட்டிருக்கிறது. லாரி டிரைவர், கிளீனருக்கு ரோட்டில் விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் முன் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவுக்கு முன் கம்பெனிக்கும் காண்டிராக்டருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனிக்கு விபத்து நேரடியாகத் தெரியும் என்பதால் நோட்டீஸ் இல்லாவிட்டாலும் மனு கெடாது. ஆனால் அதற்கு அவர்கள் அனுப்பும் பதிலில்தான் பல நேரம் சிக்கிக்கொள்வார்கள். "அவர் எங்கள் காண்டிராக்டரின் ஆள்" என்று ஒரு வரி எழுதினால் அங்கே வேலை செய்தார் என்பது நிரூபணமாகிவிட்டது.

காலக்கெடு விபத்து நடந்து இரண்டு வருஷம். உங்களுக்கு 2027 ஜூன். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். ஆணையர் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் ஒரு வருஷத்தைத் தாண்டுவது சாதாரணம். இழுக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 12 சதவீத வட்டி ஏறும், உங்கள் கணக்கில் அது வருஷத்துக்கு 67,000 ரூபாய்க்கு மேல். காரணமில்லாமல் இழுத்தடித்தால் அசலில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். வட்டியையும் அபராதத்தையும் மனுவிலேயே கேட்க வேண்டும். நடுவில் லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாமா என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் அதுவே முடிவு, அப்பீல் கிடையாது. அன்றைக்குச் சேர வேண்டிய அசலும் வட்டியும் எவ்வளவு என்ற சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

சட்டம் மாறிவிட்டதே என்று யாராவது குழப்பினால்: 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்திருப்பது உண்மை. தம்பியின் விபத்து அதற்கு முன்னால் நடந்ததால் அவருடைய உரிமை பழைய சட்டத்தின்படிதான். அந்தத் தேதிக்குப் பின் அடிபட்டவர்களுக்குப் புதிய சட்டத்தின் 7ஆம் அத்தியாயம். சூத்திரத்தின் அடிப்படை அதேதான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது இதில் சேரும். அதிகாரியின் பதவிப் பெயர் மாறும், போய் நிற்க வேண்டியது தொழிலாளர் துறையிடம்தான்.

உத்தரவு வந்த பின்னும் கம்பெனி பணம் கட்டாமல் இருக்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போக வேண்டும் என்றால் முதலாளி முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டிய சான்றோடுதான் போக முடியும். அவகாசம் 60 நாள். அப்பீலும் இல்லை, பணமும் இல்லை என்றால் 31ஆம் பிரிவின் கீழ் வசூல் மனு போடுங்கள். ஆணையர் அதை நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லி கலெக்டருக்கு அனுப்புவார். அங்கிருந்து கோப்பு தாசில்தாருக்குப் போகும், பல மாதம் அசையாமல் கிடக்கும். மாதம் ஒரு முறை மனுநீதி நாளிலோ நேரிலோ போய் அந்தக் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேட்க வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்கி வையுங்கள்.